மைதானம் ஊராருக்கே



சிம்பாப்வேயில் 2002இல் தொடங்கிய 'கிராஸ்ரூட் சொக்கர்' உதைபந்தாட்டம் மூலம் எச்.ஐ.வி. தடுப்பைக் கற்பிக்கிறது. ஒரு விளையாட்டில் கூம்புகள்தான் ஆபத்துகள். பந்தைத் தட்டிச் செல்லும் பிள்ளை கூம்பில் மோதினால் முதலில் அவனுக்கு மட்டும் புஷ் அப். பிறகு முழு அணிக்கும். ஒருவருடைய பிழை எல்லோரையும் தொடும் என்பது உடம்பிலேயே பதிந்துவிடும்.

இப்படியான திட்டங்களுக்குப் பயிலுநராகப் போகும் வெளிநாட்டு இளைஞர்கள் என்றாவது திரும்பிவிடுவார்கள். நாளைக்கும் அதே தெருவில் அந்தப் பிள்ளையைக் காண்பவர் உள்ளூர்ப் பயிற்றுநர்தான். வெட்கத்தோடு கேட்கும் கேள்வியும் அவரிடம்தான் வரும். ஆகவே அறிக்கை, நிதி வேலைகளை வந்தவர்கள் செய்யட்டும். பிள்ளைகள் முன்னால் ஊர்க்காரரே நிற்கட்டும்.

இப்படிப் போக ஆசைப்படும் தம்பி, தங்கைகளே! "நான் என்ன கற்பிப்பேன்?" என்பதை விட, "நான் திரும்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.