டோரேமான் போகலாமா, கூடாதா?



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எங்கள் தெருவில் ஒரு மாதமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. நீதிபதி கிடையாது, வக்கீல்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். வழக்கு என்ன தெரியுமா? 'டோரேமான்' தொடரின் கடைசிக் கதை எது?

"பேட்டரி தீந்து டோரேமான் நின்னுடுவான். நோபிட்டா பெரியவனாகி, சயின்டிஸ்ட் ஆகி, அவனை ரிப்பேர் பண்ணுவான்" என்கிறது ஒரு கட்சி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா! நோபிட்டா ஆஸ்பத்திரியில நினைவில்லாம படுத்திருக்கான். டோரேமானே கனவு. எங்க அண்ணன் போன்ல காட்டுச்சு" என்கிறது இன்னொரு கட்சி.

மூன்றாவது கட்சியில் ஒரே ஒரு பெண். அவளுடைய அப்பா ஒடிசாவிலிருந்து இரும்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவள் டோரேமானை முதலில் இந்தியில் பார்த்தவள். இப்போது தமிழில் பார்க்கிறாள். "கடைசிக் கதையே கிடையாது. அதான் தினமும் வருதே!" என்பது அவள் வாதம்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாலும் பிள்ளைகள் என்னை விடுவதாக இல்லை. "டீச்சர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்று வந்து நின்றார்கள். தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் நான் எந்தக் கட்சி என்று சொல்லலாம் அல்லவா? உங்கள் கட்சி வேறாக இருந்தால் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள்.

இந்தப் பக்கத்தைத் தாத்தா பாட்டிகளும் படிப்பதுண்டு. அவர்களுக்காக ஓர் அறிமுகம். டோரேமான் ஒரு நீல நிறப் பூனை. நிஜப் பூனை அல்ல, ரோபோ பூனை! 2112-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி பிறந்ததாகக் கதை. உயரம் 129.3 சென்டிமீட்டர், எடையும் 129.3 கிலோ. வயிற்றில் ஒரு பை; அதில் கேட்டதெல்லாம் கிடைக்கும். பறக்க விசிறி, நினைத்த ஊருக்குப் போகக் கதவு, இன்னும் என்னென்னவோ! நோபிட்டா என்ற பையன் படிப்பில் முட்டை, ஓட்டத்தில் கடைசி, எதற்கெடுத்தாலும் அழுகை. அவனுடைய பேரனுக்குப் பேரன் எதிர்காலத்தில் கடனில் தவிக்கிறான். 'நம் தாத்தா உருப்பட்டால்தான் நாம் உருப்படுவோம்' என்று காலயந்திரத்தில் ஏற்றி அனுப்பிய துணைதான் டோரேமான்.

டோரேமானை 'அது' என்பதா, 'அவன்' என்பதா? இயந்திரம் அஃறிணை, இலக்கணப்படி 'அது'தான். ஆனால் நம் இலக்கணத்திலேயே ஒரு சலுகை இருக்கிறது. ஆசையாக வளர்த்த பசு வீடு திரும்பும்போது 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால் தவறில்லை. உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று அதற்குப் பெயர். அந்தச் சலுகையில் நானும் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

இயந்திரத் துணை நம் தமிழுக்குப் புதிதல்ல. 1980-களில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை ஆனந்த விகடனில் எழுதினார். அதில் ஜீனோ என்றொரு இயந்திர நாய். கதையில் எத்தனையோ மனிதர்கள் இருந்தும் வாசகர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது அந்த நாய்தான். பிறகு 'மீண்டும் ஜீனோ' என்று அதன் பெயரிலேயே அடுத்த கதை வந்தது. தொலைக்காட்சியிலும் ஜீனோ வந்து போயிற்று. உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும்!

சரி, வழக்குக்கு வருவோம்.

டோரேமானைப் படைத்தவர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ. 'ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ' என்பது புனைபெயர். படக்கதை தொடங்கியது 1970 ஜனவரி இதழ்களில். தொலைக்காட்சியில் முதலில் 1973-இல் சில மாதங்கள் மட்டும் வந்து நின்றது. பிறகு 1979-இல் தொடங்கிய தொடர்தான் உலகமெல்லாம் போனது. இந்தியாவுக்கு 2005-இல் வந்தது. 1996 செப்டம்பரில் ஃபுஜிமோட்டோ காலமானார். அப்போது அவருக்கு 62 வயது. டோரேமானின் அடுத்த நீண்ட கதையை வரைந்து கொண்டிருந்தபோதே மேஜையில் சரிந்தார். அந்தக் கதையை அவருடைய உதவியாளர்கள் முடித்தார்கள். ஆக, 'இதோடு எல்லாம் முடிந்தது' என்று சொல்லும் கடைசிக் கதையை அவர் விட்டுச் செல்லவில்லை. ஒடிசாப் பெண் சொன்னது பெரும்பாலும் சரி!

அப்படியானால் மற்ற இரண்டு முடிவுகளும் எங்கிருந்து வந்தன? ரசிகர்கள் கட்டிவிட்டவை. ஜப்பானில் வாய்வழியாகப் பரவி, பிறகு கணினி வழியாகப் பரவி, இப்போது உங்கள் அண்ணன்களின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தக் கனவுக் கதை இருக்கிறதே, அதன் மேல் எனக்குக் கோபம். 'நோபிட்டா என்று உண்மையிலேயே ஒரு நோயாளிப் பையன் இருந்தான், அவன் கதைதான் இது' என்று வேறு சேர்த்துச் சொல்கிறார்கள். அது பொய். கதையாகப் பார்த்தாலும் சோம்பேறித்தனமான கதை. எழுதத் தெரியாதவர்கள்தான் 'திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு' என்று முடிப்பார்கள். கட்டுரை நோட்டில் நீங்கள் அப்படி முடித்தால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். இத்தனை நாள் அழுது, சிரித்து, அடி வாங்கி, மன்னிப்புக் கேட்ட ஒரு பையனை ஒரே வரியில் இல்லாமல் செய்துவிடுவது என்ன நியாயம்?

பேட்டரிக் கதை அப்படியல்ல, நல்ல கதை. பேட்டரியை மாற்றினால் டோரேமானின் நினைவெல்லாம் அழிந்துவிடும். நினைவைக் காப்பாற்றும் பகுதி காதுகளில் இருந்தது. காதுகளைத்தான் எலி எப்போதோ கடித்துவிட்டதே! அதனால் நோபிட்டா வருடக்கணக்கில் படித்து, பொறியாளராகி, தானே சரிசெய்கிறான். 2005-இல் ஒரு ரசிகர் இதை அச்சு அசல் ஃபுஜிமோட்டோ கைவண்ணம் போலவே வரைந்து புத்தகமாக விற்றார். சுமார் 13,000 பிரதிகள் விற்றன. பலர் அசல் என்றே நம்பிவிட்டார்கள். பதிப்பகத்தார் தடுத்தபோது அவர் மன்னிப்புக் கேட்டு, வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

'பேட்டரி மாற்றினால் நினைவு போகுமா? சும்மா கதை!' என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். அங்கே வெல்டிங் செய்யும் ரோபோ கைகள் இருக்கின்றன. முகமும் கிடையாது, வயிற்றுப் பையும் கிடையாது; வெறும் கை! அப்படிப்பட்ட பல ரோபோக்களில், கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க ஒரு சிறு பேட்டரி உண்டாம். மின்சாரம் ஓடிக் கொண்டிருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும். மின்சாரமும் இல்லாமல் பேட்டரியும் தீர்ந்து போனால், தன் கை எங்கே இருக்கிறது என்பதையே ரோபோ மறந்துவிடும். மறுபடியும் அளவெடுத்து, சொல்லிக் கொடுத்தாக வேண்டும். பேட்டரிக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தார்கள்!

ஆனாலும் என் ஓட்டு பேட்டரிக் கதைக்கு இல்லை. அதில் டோரேமான் ஒன்றுமே செய்வதில்லை, பாருங்கள். கெட்டுப்போகிறான், படுத்துக் கிடக்கிறான், ரிப்பேராகிறான். அவன் இடத்தில் ஒரு தையல் மெஷினை வைத்தாலும் கதை ஓடும். துணையாக வந்தவன் தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டாமா?

அப்படி முடிவு எடுக்கும் கதைகளை ஃபுஜிமோட்டோவே எழுதியிருக்கிறார். இது எங்கள் தெரு வக்கீல்களில் யாருக்கும் தெரியவில்லை. டோரேமான் வெளிவந்தது ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வரும் மாத இதழ்களில். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடியும், ஏப்ரலில் தொடங்கும். அப்போது ஐந்தாம் வகுப்பு இதழில் டோரேமான் கிடையாது. நான்காம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளிடம் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா? அதனால் 1971 மார்ச்சில் ஒன்று, 1972 மார்ச்சில் ஒன்று என்று விடைபெறும் கதைகள் எழுதினார்.

எல்லாவற்றிலும் சிறந்தது 1974 மார்ச்சில் மூன்றாம் வகுப்பு இதழில் வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். கடைசி இரவு. இருவரும் தூக்கம் வராமல் நடக்கப் போகிறார்கள். கண்ணீரை மறைக்க டோரேமான் தனியாக ஒதுங்குகிறான். அங்கே தூக்கத்தில் நடந்து வரும் ஜியானிடம் நோபிட்டா மாட்டிக் கொள்கிறான். சண்டை! வழக்கமாக என்ன நடக்கும்? 'டோரேமான்!' என்று அலறுவான். அன்றைக்கு அவன் அலறவில்லை. அடி விழுகிறது, எழுந்திருக்கிறான். மறுபடி விழுகிறது, மறுபடி எழுந்து ஜியானைப் பிடித்துக் கொள்கிறான். தானாக ஜெயிக்காவிட்டால் டோரேமான் நிம்மதியாகப் போக முடியாது என்பதுதான் அவன் கவலை. கடைசியில் ஜியானுக்கே அலுத்து, போதும் என்று விட்டுப் போகிறான். தேடி வந்த டோரேமான் நோபிட்டாவைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறான். தூங்கும் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். விடிந்தால் அவன் இல்லை. அறை வெறுமையாக இருக்கிறது.

'எந்திரன்' படத்தில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக் கொள்வது உங்களுக்கு நினைவிருக்கும். 2010-இல் வந்த படம், இன்றும் டி.வி.யில் பார்க்கிறீர்கள். அங்கே ரோபோ யோசிக்கத் தொடங்கியதால் பிரித்துப் போட்டார்கள். இங்கே பையன் யோசிக்கத் தொடங்கியதால் ரோபோ பிரிந்து போகிறான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

'நோபிட்டாவைப் பார்த்துப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் சோம்பேறி ஆகிவிட்டார்கள்' என்று சில அம்மாக்கள் என்னிடம் புகார் சொல்வார்கள். டி.வி. முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்வது தவறுதான், அதில் நான் அம்மாக்கள் கட்சி. ஆனால் கதையைக் குறை சொல்ல மாட்டேன். கருவியை வாங்கித் தில்லுமுல்லு செய்தபோதெல்லாம் நோபிட்டா கடைசியில் மாட்டிக் கொண்டுதானே முழிக்கிறான்? கருவி இல்லாமல் நின்ற அந்த ஒரு ராத்திரியில்தான் அவன் ஜெயித்தான்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: "அப்படின்னா டோரேமான் போயிட்டானா?" ஒரே ஒரு மாதம்! 1974 ஏப்ரலில், நான்காம் வகுப்பு இதழில் திரும்பி வந்துவிட்டான். மார்ச்சில் அழுத பிள்ளைகள் வகுப்பு மாறி, புது இதழைப் பிரித்தால் அங்கே அவன்! அதுவும் ஏப்ரல் முட்டாள்கள் தினத்தில். டோரேமான் விட்டுச் சென்ற ஒரு மருந்தைக் குடித்தால் சொல்வதெல்லாம் நேர்மாறாக நடக்கும். அதை நினைக்காமல், 'டோரேமான் இனி வரவே மாட்டான்' என்று நோபிட்டா சோகமாகச் சொல்ல... புரிகிறதா?

'அழகாக முடித்த கதையை இப்படிக் கெடுத்துவிட்டாரே!' என்று எட்டாம் வகுப்பு வக்கீல் ஒருவன் வாதாடினான். யோசித்துப் பார்த்தேன். கெடுக்கவில்லை என்பேன். மார்ச்சுக்கு முன்னால் நோபிட்டா டோரேமானைத் தேடியது கருவிக்காக. ஏப்ரலில் அவனுக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை, டோரேமான்தான் வேண்டியிருந்தது. போகாமலே இருந்திருந்தால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிந்திருக்காது. ஆகவே என் கட்சி: டோரேமான் போகத்தான் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும்.

இந்த இரண்டு கதைகளையும் 2014-இல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' திரைப்படத்தில் சேர்த்திருக்கிறார்கள். கிடைத்தால் வீட்டில் எல்லோருமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். அந்தச் சண்டையில் நோபிட்டா ஜெயித்தானா, இல்லை ஜியான் அலுத்துப்போய் விட்டுக் கொடுத்தானா? ஒடிசாப் பெண்ணும் நானும் இதில் எதிர் எதிர் கட்சி.