புத்தக விடையும் நம்ம ரீடிங்கும்



சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் சுண்ணாம்பாகிறது. அதற்கு எவ்வளவு வெப்பம் செலவாகிறது? காளவாய்க்குள் ஏறக்குறைய 900 டிகிரி. நம்ம லேப் தெர்மாமீட்டரை அதற்குள் விட முடியுமா? ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய ஹெஸ் என்பவர் 1840-ல் வழி சொன்னார். புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றானால், எந்தப் பாதையில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான். லாயிட்ஸ் ரோடு வழியாக வந்தாலும் கதீட்ரல் ரோடு வழியாக வந்தாலும் கோபாலபுரம் அதே கோபாலபுரம்தானே!

ஆகவே கல்லைத் தனியாகவும், சுட்ட சுண்ணாம்பைத் தனியாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறோம். புத்தகக் கணக்குப்படி ஒரு மோலுக்குக் கல்லில் 15 கிலோ ஜூல், சுண்ணாம்பில் 193 வெளிவரும். கழித்தால் 178.

இங்கேதான் என் மனத்தாங்கல். நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாம் விடை 178-தான். எப்படி வரும்? 50 மில்லி அமிலத்தில் இரண்டரை கிராம் கல்லைப் போட்டால் இரண்டு டிகிரிகூட ஏறாது. அரை டிகிரி தப்பாகப் பார்த்தாலே கால் பங்கு போச்சு. தெர்மோகோல் கப்பும் கொஞ்சம் சூட்டை விழுங்கும். பிறகென்ன, விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து போடுகிறார்கள். மாணவனை மட்டும் திட்டிப் பயனில்லை. 178 வராவிட்டால் மார்க் போய்விடும் என்கிற பயம் அது.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா வெள்ளையடிக்கிறவர். பொங்கல் சமயத்தில் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றுவார். தண்ணீர் ஊற்றியதும் சரியாகக் கொதிக்காவிட்டால், "இது பழசுப்பா, ஈரக்காத்து பட்டுடுச்சு" என்று சொல்லிவிடுவார். லேபில் 160 என்று வரும் ரீடிங்கும் அதையே சொல்லலாம்: பாட்டிலில் இருப்பது ஏற்கெனவே ஓரளவு நீறிப்போன சுண்ணாம்பு. அடித்துத் திருத்தி 178 ஆக்கினால் அந்தச் சேதியும் சேர்ந்து அழிகிறது.

விடைக்குப் பாதி மார்க் போதும். வித்தியாசம் ஏன் வந்தது என்று நாலு வரி எழுதினால் மீதிப் பாதி தரட்டும். நமது சங்கம் இதைக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. புதுச் சுண்ணாம்பும், காற்றுப் புகாத பாட்டிலும் கேட்கலாம். கண்ணுக்குப் போடும் கண்ணாடியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்குச் சுண்ணாம்பு தெறித்துத்தான் ஒரு கண் போனது.

— முதலாம் ஆண்டு, சிவில் பிரிவு