பவுண்டைச் சாய்த்தது யார்?

1992இல் பிரிட்டனின் பவுண்டு சரிந்தது முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸின் சூதாட்டத்தால்தான் என்கிறார் ஒரு கட்டுரையாளர். சூதாட்டமா? ஒரு பவுண்டுக்கு 2.95 ஜெர்மன் மார்க் என்ற தாங்காத விலையில் 1990இல் நாணயத்தைக் கட்டிப்போட்டது லண்டன் அரசு. ஜெர்மனியோ கிழக்கு-மேற்கு இணைப்புக்குப் பிந்தைய பணவீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியது. மந்தத்தில் கிடந்த பிரிட்டனால் ஈடுகொடுக்க முடியாதென்று சோரோஸின் முதலீட்டு நிதியில் கணித்தவர் ஸ்டான்லி ட்ரக்கன்மில்லர். பவுண்டு சரியும் என்று பந்தயம் கட்டிய தொகையைப் பெருக்கச் சொன்னதுதான் சோரோஸின் பங்கு. பெயர் மட்டும் முழுசாக அவருக்கு! 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டைக் காக்க வட்டியை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கி, 15 என்று அறிவித்தும் அரசு தோற்றது. நிதிக்கு லாபம் சுமார் 100 கோடி டாலர். இதே ட்ரக்கன்மில்லர் 2000இல் தொழில்நுட்பப் பங்குகளில் கையைச் சுட்டுக்கொண்டார். அதைச் சொல்லியிருந்தால் சூதாட்ட வாதம் கொஞ்சமாவது நின்றிருக்கும். கட்டு அவிழ்ந்தபின் பிரிட்டனில் வட்டி இறங்கியது, பொருளாதாரம் எழுந்தது. அதற்கும் சோரோஸையே திட்டுவோமா?