ரத்தம் கூறும் சேதி

1869-ம் வருஷத்தில், ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்னும் வைத்தியர், புற்றுநோயால் மாண்ட ஒருவரின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் நோக்கினார். கட்டிகளின் அணுக்களைப் போன்றவையே ரத்தத்திலும் மிதக்கக் கண்டார். அந்நோய் அங்கம் விட்டு அங்கம் பரவும் வழிக்கு ஒரு துப்புக் கிடைத்தது.

2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மார்புப் புற்றுநோய் பிற அங்கங்களுக்கும் பரவிவிட்ட 177 ஸ்திரீகளைச் சோதித்தார்கள். 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தகைய அணுக்கள் 5-க்குக் குறைவாக இருந்தவர்களே பெரும்பாலும் அதிக காலம் ஜீவித்தார்கள்.

அப்படியாயின், முதல் தவணைச் சிகிச்சையில் அணுக்கள் குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றினால் ஆயுள் நீளுமல்லவா? நீளவில்லை என்று 2014-ல் வெளியான பரீட்சை முடிவு கூறிற்று.

அபாயத்தை அறிவது வேறு. அதை நீக்குவது வேறு. ஆகையால் நேயர்களே, சோதனையையே சிகிச்சையென்று மயங்கவேண்டாம்.