ஒரே மலையில் இரண்டு வகை வெளிநாட்டினர்

கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களில் கோஸ் வெட்டும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் வெளிநாட்டினர்தான். குளிருக்காக கேமரன் மலைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் ஜப்பானிய முதியவர்களும் வெளிநாட்டினர்தான். சட்டம் மட்டும் இருவரையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

2002-இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் வசதியுள்ளோருக்கானது. 2021-இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டும் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. 2024-இல் விதிகள் மாறின. இப்போது 'சில்வர்' பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை போட்டு, 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடு வாங்க வேண்டும். அது பினாங்குக் கடலோரமாகவும் இருக்கலாம். மனைவி, பிள்ளைகள், பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை பெர்மிட். குடும்பத்தை அழைத்து வர முடியாது. இங்கே திருமணமும் செய்யக் கூடாது. 2025 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் பெரும்பகுதி ஊருக்குப் போகிறது.

பணம் கொண்டு வருபவருக்குச் சலுகை தருவதில் தவறில்லை. ஆனால் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் உருவான காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் பலர், எத்தனை கொடுமைக்கு நடுவிலும், மனைவி மக்களோடு வாழ முடிந்தது. இந்த மலையில் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் எழுந்தது அதனால்தான்.