மறைக்கப்பட்ட வரிசைகள்: எமது பட்டியல்களை எப்படி வாசிப்பது?

யுத்தத்துக்குப் பிறகான எமது வாழ்வு பட்டியல்களோடு கட்டுண்டு கிடக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோர், வீட்டுத்திட்டப் பயனாளிகள், விடுவிக்கப்பட வேண்டிய காணிகள் என எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாம் கேட்டுப் பெறும் பதில்களும் சிலவேளைகளில் எக்செல் கோப்புகளாகவே வருகின்றன. அப்படியொரு கோப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பெயர்களை அல்ல, இடது ஓரத்திலுள்ள வரிசை இலக்கங்களை.

14க்கு அடுத்து 18 வந்தால், 15, 16, 17 ஆகிய வரிசைகள் மறைக்கப்பட்டுள்ளன. அவை அழிக்கப்படவில்லை, கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. கூட்டுத்தொகையும் துப்புத் தரும். வழமையான 'சம்' கணக்கு மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும். கண்ணுக்குத் தெரியும் காணிகளின் பரப்பைக் கூட்டினால் அடியிலுள்ள தொகை வரவில்லையா? அங்கே கேள்வி இருக்கிறது.

வெளிக்கொணர்வது இலகு. முதலில் கோப்பின் பிரதியொன்றைச் சேமியுங்கள். இடது மேல் மூலையிலுள்ள முக்கோணத்தை அழுத்தி முழுத் தாளையும் தெரிவுசெய்து, ஏதாவதொரு வரிசை இலக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து 'அன்ஹைட்' கொடுங்கள். இலக்கங்கள் நீல நிறத்தில் இருந்தால் அது 'ஃபில்டர்'. 'டேட்டா' பகுதியில் 'கிளியர்' கொடுக்க வேண்டும். கீழேயுள்ள தாள் பெயரில் வலது கிளிக் செய்தால், மறைந்த முழுத் தாள்களும் அகப்படலாம்.

அச்சுப் பிரதியில் இவை எதுவும் தெரியாது. ஆகவே விண்ணப்பத்திலேயே மூலக் கோப்பைக் கேளுங்கள். அதேநேரம், மறைந்த வரிசையெல்லாம் மோசடியல்ல. அச்சிடும் வசதிக்காகவும் அதிகாரிகள் மறைப்பதுண்டு. குற்றஞ்சாட்ட முன்னர் விளக்கம் கேட்பதே முறை.

இந்தக் கத்திக்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஓகஸ்டில் வட அயர்லாந்துப் பொலிஸார் தகவல் கோரிக்கையொன்றுக்கு அனுப்பிய கோப்பில் மறைந்த தாளொன்று இருந்தது. 9,483 பொலிஸாரினதும் பணியாளர்களினதும் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் ஆகியவை வெளியாகின. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தல் ஓயாத மண்ணில் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். 2024இல் அந்தப் பொலிஸ் சேவைக்கு 7,50,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

அரச இயந்திரமொன்றுக்கே இது நேர்ந்ததென்றால், எமது அமைப்புகளின் நிலை என்ன? சாட்சிகளின் பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கின்றன. அவற்றை 'ஹைட்' செய்துவிட்டு மின்னஞ்சலில் அனுப்புவது, கதவைப் பூட்டாமல் திரைச்சீலையை மட்டும் இழுத்துவிடுவதைப் போன்றது. தேவையான விபரங்களை மட்டும் புதிய கோப்பில் இடுங்கள். தெரிவுசெய்து பிரதியெடுக்கும்போது மறைந்த வரிசைகளும் கூடவே வரக்கூடும். எனவே அனுப்பமுன் அந்தப் புதிய கோப்பிலும் ஒருமுறை 'அன்ஹைட்' கொடுத்துப் பாருங்கள்.

எமக்குத் தரப்படும் பட்டியலில் ஒரு பெயரும் மறையக்கூடாது. நாம் கொடுக்கும் பட்டியலில், காக்கப்பட வேண்டிய ஒரு பெயரும் இருக்கக்கூடாது.