பணயம் வைக்கத் தெரிந்த பிள்ளைகள்

இன்று நம் பள்ளிச் செய்திகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றைப் பற்றி எழுத விழைகிறேன். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது!

அந்தப் போட்டியின் பெயர் 'ஜெப்பர்டி'. மெர்வ் கிரிஃபின் என்பவர் உருவாக்கியது. 1964 மார்ச் 30ஆம் நாள் தொடங்கி, இடையில் நின்று, 1984 முதல் தொடர்ந்து ஒளியேறி வருகிறது. விடையைக் குறிப்பாக முதலில் கொடுத்துவிட்டு, அதற்குரிய வினாவைப் போட்டியாளர் சொல்ல வேண்டும் என்பது அதன் தனித்தன்மை. இப்படிச் செய்து பார்க்கலாமே என்று கிரிஃபினுக்கு எடுத்துச் சொன்னவர் அவருடைய துணைவியார் என்பர்.

அதன் பொது அறிவுப் பகுதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அதை நெடுங்காலமாகப் பார்த்துவரும் ரசிகர்கள் ஆட்டம் முடிந்ததும் எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்பதே என்னைக் கவர்ந்தது. யாருக்கு அதிகம் தெரிந்திருந்தது என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 'இவர் எவ்வளவு பணயம் வைத்திருக்க வேண்டும்?' என்பதைத்தான் கணக்குப் போட்டு, காகிதம் நிறைய எழுதி, நாள்கணக்கில் பேசுகிறார்கள்.

பார்த்திராதவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். போட்டியாளர் மூவர். தவறாகச் சொன்னால் புள்ளி குறையும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பலகையில் மறைந்திருக்கும் சில இடங்களைத் திறப்பவர், தம் கையிருப்பிலிருந்து தாமே ஒரு தொகையைப் பணயமாக வைத்து, தனியாக விடை சொல்லலாம். அத்தகைய இடம் முதற்சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு. (அவை பெரும்பாலும் பலகையின் கீழ் வரிசைகளில்தான் ஒளிந்திருக்கும் என்று ரசிகர்கள் எண்ணிக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். இவர்களைக் கணிதப் பாட ஆசிரியராக்கினால் நன்றாக இருக்கும்.) கடைசிச் சுற்றில் துறை எது என்பதை மட்டும் முதலில் அறிவிப்பார்கள். குறிப்பைப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் பணயத்தை எழுதியாக வேண்டும். பிறகு குறிப்பு, முப்பது வினாடி, விடை. வென்றவர் மட்டுமே தாம் சேர்த்ததை எடுத்துச் செல்வார். மற்ற இருவருக்கும் நிலையான ஒரு சிறு தொகைதான்.

ஆகவே கடைசிச் சுற்றில் மூன்று கேள்விகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. இந்தத் துறை எனக்கு எவ்வளவு தெரியும்? என் எதிராளி எவ்வளவு வைப்பார்? நான் தவறினால் என் கதி என்ன?

2019ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் என்பவர் தொடர்ந்து 32 ஆட்டங்களில் வென்றார். லாஸ் வேகாஸ் நகரத்தவர். விளையாட்டுப் பந்தயம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஒளியேறிய ஓர் ஆட்டத்தில் மட்டும் 131,127 டாலர் ஈட்டினார். அதுவரை ஒருநாளில் எவரும் அவ்வளவு ஈட்டியதில்லை. பெற்றோருக்கு இன்னொரு செய்தி: இவர் போட்டிக்காக ஆயத்தம் செய்தது நூலகத்தின் சிறுவர் பகுதியில். படங்களும் எளிய விளக்கங்களும் நிறைந்த சிறுவர் நூல்களைப் படித்தே தமக்குத் தெரியாத துறைகளைக் கற்றாராம். 'இந்த வயதில் இன்னும் படப்புத்தகமா?' என்று பிள்ளையைக் கடிந்து கொள்ளும் பெற்றோர் இதைக் கேட்டுக் கொள்வார்களாக.

ஜூன் 3ஆம் நாள் ஒளியேறிய ஆட்டத்தில் அவர் தோற்றார். கடைசிச் சுற்றுக்கு முன் எம்மா பாட்சர் என்னும் நூலகர் 26,600, ஹோல்ஸ்ஹவர் 23,400, மூன்றாமவர் 11,000. ஒவ்வொரு நாளும் பெருந்தொகையை அள்ளி வைத்த ஹோல்ஸ்ஹவர் அன்று வைத்தது வெறும் 1,399! ஷேக்ஸ்பியர் நாடகத்து வரி ஒன்று எந்த எழுத்தாளரின் அகால மரணத்தைச் சுட்டுவதாகக் கருதப்படுகிறது என்பது குறிப்பு. கிறிஸ்டபர் மார்லோ என்று எம்மாவும் ஹோல்ஸ்ஹவரும் சரியாகவே எழுதினர். எம்மா 20,201 வைத்திருந்ததால் 46,801இல் போய் நின்றார், ஹோல்ஸ்ஹவர் 24,799.

உடனே கூச்சல் கிளம்பியது. வேண்டுமென்றே தோற்றார், களைத்துப் போனார், அஞ்சிவிட்டார் என்றெல்லாம் பேசினார்கள். கணக்கறிந்த ரசிகர்களோ அமைதியாக எடுத்துக் காட்டினார்கள். ஹோல்ஸ்ஹவர் அனைத்தையும் வைத்து வென்றால் 46,800 ஆகும். அதை ஒரு டாலரால் முந்துவதற்குத்தான் எம்மா 20,201 வைப்பார் என்பது வெளிப்படை. எம்மா சரியாகச் சொன்னால், ஹோல்ஸ்ஹவர் என்ன செய்தாலும் தோல்வியே. எம்மா தவறினால் அவரிடம் 6,399தான் எஞ்சும். அப்போது ஹோல்ஸ்ஹவர் அஞ்ச வேண்டியது மூன்றாமவரை மட்டுமே. மூன்றாமவர் எல்லாவற்றையும் வைத்து வென்றாலும் 22,000. 23,400இலிருந்து 1,399ஐக் கழித்துப் பாருங்கள்: 22,001! அதாவது, எம்மா தவறும் பட்சத்தில், தம் விடை தவறானாலும் வெற்றி தமக்கே என்று உறுதி செய்துகொண்ட தொகை அது. தோற்றார், ஆனால் அவர் செய்த முடிவில் பிழையில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று 25 இலட்சம் டாலருக்கு மேல் சேர்த்திருந்தார். 75ஆவது ஆட்டம் நவம்பர் 30 அன்று ஒளியேறியது. ஜென்னிங்ஸ் 14,400, நான்சி செர்க் 10,000. பருவகால அலுவலகப் பணியாளர் 70,000 பேரில் பெரும்பாலோர் ஆண்டில் நான்கு மாதம் மட்டுமே வேலை செய்யும் நிறுவனம் எது என்பது குறிப்பு. ஜென்னிங்ஸ் ஃபெட்எக்ஸ் என்றெழுதினார். சரியான விடை, வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் எச் அண்ட் ஆர் பிளாக்.

தமிழாசிரியன் என்ற முறையில் இந்தக் குறிப்பை நான் மிகவும் விரும்புகிறேன். கருத்துணர்தல் பகுதியில் நாம் மாணவரிடம் வேண்டுவது இதுதானே? 'அலுவலகப் பணியாளர்' என்றொரு சொல் அங்கே கிடக்கிறது. பொட்டலம் சுமப்பவர் அதில் அடங்க மாட்டார். 'நான்கு மாதம்' என்று மற்றொன்று. திருநாள் கூட்டம் நான்கு மாதம் நீள்வதில்லை, வரி கட்டும் காலம் நீளும். விடை அறிவில் மட்டுமில்லை, வாசிப்பிலும் இருக்கிறது.

பணயத்துக்கு வருவோம். ஜென்னிங்ஸ் வைத்தது 5,601. நான்சி அனைத்தையும் வைத்து வென்று 20,000 எட்டினாலும் தாம் ஒரு டாலர் முந்தி நிற்பதற்காக. முன்னணியில் இருப்பவர் வழக்கமாகச் செய்வது இது. நான்சி வைத்தது 4,401. சரியாகச் சொன்னால் 14,401. ஜென்னிங்ஸின் அப்போதைய கையிருப்பைவிட ஒன்று கூடுதல். ஜென்னிங்ஸ் தவறி 8,799க்கு இறங்க, நான்சி வென்றார். நாடே வியந்தது. ஆனால் நான்சி 1,200ஓ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம் விடை தவறானாலும் 8,800 எஞ்சியிருக்கும். ஜென்னிங்ஸ் தவறியதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். 4,401 வைத்ததால், ஜென்னிங்ஸ் தவறுவதோடு தாமும் சரியாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளானார். ஜென்னிங்ஸ் ஒன்றுமே வைக்காதிருந்தால் அந்த 4,401 கைகொடுத்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் முன்னணியாளர் அப்படிச் செய்வது அரிது.

வென்றவர் முடிவில் குறை. தோற்றவர் முடிவில் நிறை. விளைவை வைத்து முடிவை எடை போடாதே என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஏறுவதில்லை. இந்த இரண்டு ஆட்டங்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஏறுகிறது.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது மனிதரின் ஆட்டமன்று. 2011 பிப்ரவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் 'வாட்சன்' என்னும் கணினி, ஜென்னிங்ஸையும் பிராட் ரட்டரையும் எதிர்த்து ஆடியது. முதல் ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் துறை 'அமெரிக்க நகரங்கள்'. பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரரின் பெயர், அடுத்ததற்கு அப்போரில் நடந்த ஒரு சமரின் பெயர், எந்த நகரம்? சிகாகோ என்று மனிதர் இருவரும் எழுதினர். வாட்சன் எழுதியது டொரோண்டோ! கனடா நாட்டு நகரம்! பார்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஐந்து கேள்விக்குறிகள் இருந்தன. 36,681 கையிருப்பில் அது வைத்த பணயம் 947 மட்டுமே. தனக்குத் தெரியவில்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து 77,147 பெற்று அதுவே வென்றது.

இப்போது நம் வகுப்பறைக்கு வாருங்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் தொடங்கி 2021இல் அகற்றப்பட்டது. அது போனாலும் அது வளர்த்த பழக்கம் போகவில்லை. கொள்குறி வினாவில் நான்கு விடைகள், தவறினால் இழப்பில்லை. ஆகவே, 'தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் கருமையாக்கு, வெற்றாக விடாதே' என்று சொல்கிறோம். அந்தத் தேர்வுக்கு அது சரியான அறிவுரையே. ஆனால் அந்த விடைத்தாளில், நன்கறிந்து எழுதியவனும் கண்ணை மூடிக் கருமையாக்கியவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆசிரியருக்கு மட்டுமா வேறுபாடு தெரியாமல் போகிறது? நாளடைவில் அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போகிறது.

சில காலமாக ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மொழிப் பயிற்சியின்போது ஒன்று செய்து வருகிறேன். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று ஓர் எண்ணை மாணவர் எழுத வேண்டும். சரியானால் அத்தனை புள்ளி கூடும். தவறினால் அத்தனை புள்ளி கழியும். தெரியாததற்கு 3 போடும் பிள்ளைகளைப் பார்ப்பேன் என்று எதிர்பார்த்தேன். இருந்தார்கள், இரண்டு முறை இழந்ததும் தெளிந்துவிட்டார்கள். என் மனத்தை உறுத்தியவர்கள் மற்றவர்கள். வல்லினம் மிகும் இடங்களை ஒன்றுகூடத் தவறாமல் எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் 1 போடும் பிள்ளைகள். பெரும்பாலும் பின்வரிசையில் இருக்கும் வாய்பேசாப் பிள்ளைகள். 'ஏனம்மா ஒன்று போட்டாய்?' என்றால், 'தப்பா இருந்தா என்ன சார் பண்றது?' என்கிறாள் ஒருத்தி. இருபது வினாவுக்கும் சரியான விடை எழுதியவள் அவள்! மதிப்பெண் பட்டியலில் இது ஒருபோதும் தெரியாது. அதில் அவள் கெட்டிக்காரி. அவள் மனத்தில் அவள் அப்படியில்லை.

ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். "ஐயா, குறை நினைக்காதீங்க. பிள்ளைங்களுக்கு இப்பவே சூதாடக் கத்துக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். நம் சமூகத்தில் நாலு நம்பர் எடுத்தே தேய்ந்துபோன குடும்பங்களை அவரும் அறிவார், நானும் அறிவேன். திருவள்ளுவர் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். ஆனால் நாலு நம்பரில் ஒருவர் எடுக்கும் எண் முதற்பரிசு பெறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் அதே ஒன்றுதான். அங்கே எடை போட எதுவுமில்லை. தன் வலிமையையும் எதிராளியின் வலிமையையும் தூக்கிப் பார்த்து இறங்குவதற்கு அதே பொருட்பாலில் 'வலியறிதல்' என்று 48ஆம் அதிகாரம் இருக்கிறது. தருமன் அதைச் செய்யாமல் சகுனியின் முன் உட்கார்ந்தான் என்றேன். அவர் முழுதும் ஒப்பவில்லை. 'பந்தயம்' என்ற சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஏற்றுக்கொண்டேன். 'உறுதி எண்' என்று பெயர் மாற்றியாகிவிட்டது.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் புதிர்ப்போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். முதலில் மணியடிப்பவருக்கே வெற்றி என்ற முறையில் வேகமே ஆள்கிறது. தவறானால் இழப்பில்லை என்பதால் கத்துபவன் கத்திக் கொண்டே இருக்கிறான். கடைசிச் சுற்றிலாவது, துறையை முதலில் அறிவித்து, ஒவ்வொரு குழுவும் தன் புள்ளிகளில் எவ்வளவு வைக்கிறது என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். மூவர் குழுவில் அந்த இரண்டு நிமிடத்தில் நடக்கும் உரையாடலைக் கேட்க வேண்டும்! 'இலக்கணம்னா நீ பார்த்துக்குவியா?' 'பார்த்துக்குவேன், ஆனா புணர்ச்சி வந்தா தெரியாது.' இப்படி ஒரு மாணவன் தன்னைப் பற்றிப் பேசுவதை வேறெந்தத் தேர்வில் கேட்டிருக்கிறீர்கள்?

சிறு எச்சரிக்கை. முன்னணியில் இருக்கும் குழு, தேவையே இல்லாமல் எல்லாவற்றையும் வைத்துவிடும். 'சியர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1990இல் கிளிஃப் கிளாவின் என்னும் அஞ்சல்காரர் ஜெப்பர்டியில் ஆடுவார். 22,000 டாலருடன் எவரும் எட்ட முடியாத இடத்தில் இருப்பார். கடைசிச் சுற்றில் அனைத்தையும் வைத்து இழப்பார். அத்தகைய மூடத்தனத்தை ரசிகர்கள் இன்றும் அவர் பெயராலேயே குறிக்கிறார்கள். நடுவர்கள் போட்டிக்கு முன்பே, எதுவும் வைக்காமல் இருப்பதற்கும் விதியில் இடமுண்டு என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் ஆண்டுக்குக் கீழே இதை நான் செய்து பார்க்கவில்லை. கழித்தலில் புள்ளி சுழியத்துக்குக் கீழே போனால் சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள் என்று தோன்றுகிறது. முதல்நிலை வகுப்புகளில் யாரேனும் வேறுவழியில் முயன்றிருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று மறுமொழியில் எழுதுங்கள்.